கல்யாண டேப்பில் இருக்கும் 50 கணங்கள்: பழைய வீடியோவை இன்றைய எடிட்டிங்குக்குத் தயார்செய்வது

கெட்டிமேளம் முழங்கும் நேரம். தவில்காரரின் குச்சி பறக்கிறது. அந்தக் கேசட்டைப் பழைய குழாய் டிவியில் ஓட்டினால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். அதையே கணினிக்கு மாற்றி 1080பி டைம்லைனில் வைத்தால் கையைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி கோடுகள். எடிட்டிங் மென்பொருளில் ‘டிஇன்டர்லேஸ்’ பொத்தானைத் தட்டினால் கோடு மறைகிறது, கூடவே அசைவில் பாதியும் மறைகிறது. குச்சி விட்டு விட்டுத் துள்ளுகிறது. பார்ப்பவர்கள் “பழைய வீடியோ, அப்படித்தான் இருக்கும்” என்று ஏற்றுக்கொள்கிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. டேப்பில் அந்த அசைவு முழுசாக இருக்கிறது, மாற்றும்போதுதான் தொலைகிறது.

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையைப் பின்பற்றிய நாடுகள். பால் முறையில் கேமரா ஒரு விநாடிக்கு 50 முறை பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் படத்தின் பாதி வரிகளை மட்டுமே எடுக்கும்: முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாக 288 வரிகள், அடுத்த ஐம்பதில் ஒரு பங்கு விநாடியில் மிச்சமுள்ள 288 வரிகள். இந்த அரைப்படம்தான் ஃபீல்டு. இரண்டு ஃபீல்டைப் பின்னி 576 வரிகளாகக் கோப்பில் அடுக்கிவைத்தால் அதன் பெயர் ஃப்ரேம். இப்படிப் பின்னுவதுதான் இன்டர்லேஸ், அதைப் பிரிப்பது டிஇன்டர்லேஸ். ஆக ஃப்ரேம் என்பது ஒரே படம் அல்ல, வெவ்வேறு இரண்டு கணங்களை ஒன்றாகக் கட்டிய பொட்டலம். கோப்பின் விவரத்தில் ‘25 ஃப்ரேம்’ என்று எழுதியிருப்பது பொட்டலங்களின் எண்ணிக்கை. கணங்கள் 50.

25பி (விநாடிக்கு 25 பின்னாத முழு ஃப்ரேம்கள்; ‘பி’ என்றால் புரோகிரஸிவ்) என்று மாற்றுகிற எந்த வழியும் கணங்களில் பாதியைத் தூக்கி எறிகிறது, அல்லது இரண்டைக் குழைத்து ஒன்றாக்குகிறது. சரியான இலக்கு 50பி. ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃப்ரேமாக வளர்த்தெடுக்க வேண்டும். இந்த வேலையை எடிட்டிங் மென்பொருளிடம் விடாமல் அதற்கு முன்பே தனியாக, ஒரே ஒரு முறை, நல்ல கருவியால் செய்துவிட வேண்டும். இந்தப் பதிவு முழுவதும் அதைப் பற்றித்தான்.

கையில் இருப்பது என்ன?

1990களில் நம் ஊர்க் கல்யாணங்கள் விஎச்எஸ், எஸ்-விஎச்எஸ் தோள் கேமராக்களில் பதிவாயின. பானசோனிக் எம்9000 பிடித்த வீடியோக்காரரைப் பார்க்காத மண்டபம் குறைவு. பிறகு மினி டிவி (Mini DV; இங்கே டிவி என்பது தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ) வந்தது: பானசோனிக் எம்டி10000, சோனி பிடி170. அதன் பின்னால் எச்டிவி (HDV). வீட்டுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் எடிட் செய்து நகலெடுத்த விஎச்எஸ், அல்லது விசிடி, அல்லது டிவிடி.

ஒரே நிகழ்ச்சி இரண்டு மூன்று வடிவங்களில் வீட்டில் கிடந்தால் டேப்பையே எடுங்கள். டிவிடியில் 720×576 அளவும் இரண்டு ஃபீல்டும் இருக்கும், ஆனால் எம்பெக்-2 சுருக்கத்தில் கூட்டக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். விசிடி 352×288 மட்டுமே. அதைத் தயாரித்தபோதே ஒரு ஃபீல்டு போய்விட்டது, விநாடிக்கு 25 கணம்தான் மிச்சம். விசிடியை எந்த மென்பொருளில் போட்டாலும் போன ஃபீல்டு திரும்பாது. டிவிடிதான் இருக்கிறதென்றால் உள்ளிருக்கும் வீடியோவை மறுசுருக்கம் செய்யாமல் அப்படியே பிரித்தெடுங்கள். மேக்எம்கேவி அதற்குப் போதும்.

மினி டிவி டேப்பில் இருப்பது ஏற்கனவே டிஜிட்டல் தகவல். ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் இணைப்பு வழியே எடுத்தால் அது வீடியோவைப் ‘பதிவு’ செய்வதே அல்ல, டேப்பில் உள்ள எண்களை வட்டுக்கு நகலெடுப்பது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயரைச் செருகி யுஎஸ்பி கேப்சர் குச்சியில் மினி டிவியை எடுப்பது, கையில் உள்ள மூலத்தை விட்டுவிட்டு அதன் நிழலை எடுப்பது போல. டிஜிட்டல் அனலாக் ஆகி மறுபடி டிஜிட்டல் ஆகிறது, டேப்பில் உள்ள தேதி-நேரக் குறிப்பும் போய்விடுகிறது.

ஃபயர்வயர் போர்ட் இன்று எளிதாகக் கிடைப்பதில்லை. மேசைக் கணினியில் பிசிஐ-எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு செருகுவதே நம்பகமான வழி. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள கார்டாகப் பார்த்து வாங்குங்கள். விண்டோஸ் 8-க்குப் பிறகு ஃபயர்வயருக்கான பழைய 1394 டிரைவரைத் தனியே நிறுவ வேண்டியிருக்கும். மேக் என்றால் தண்டர்போல்ட்-ஃபயர்வயர் அடாப்டர் வேண்டும், இயங்குதளம் பழைய பதிப்பாக இருக்க வேண்டும், ஏனெனில் 26ஆம் பதிப்பான டஹோவில் ஃபயர்வயர் ஆதரவே இல்லை. ‘யுஎஸ்பி-ஃபயர்வயர் மாற்றி’ என்று சில நூறு ரூபாய்க்கு விற்கும் சின்ன முனை வேலை செய்யாது. அது வெறும் ஒயர் இணைப்பு, இரண்டு நெறிமுறைகளுக்கும் நடுவே மொழிபெயர்க்கும் எதுவும் அதற்குள் இல்லை. இன்னொரு எச்சரிக்கை: 6 பின் ஃபயர்வயரில் மின்சாரமும் ஓடுகிறது. கேமராவையும் கணினியையும் அணைத்துவிட்டு ஒயரைச் செருகுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது தப்பாகச் செருகி கேமராவின் போர்ட்டை எரித்தவர்கள் நிறையப் பேர்.

மென்பொருளுக்கு விண்டோஸில் வின்டிவி, லினக்ஸில் டிவிகிராப் போதும். டேப் பழுதாகி ஆங்காங்கே கட்டம் விழுந்தால் டிவிரெஸ்க்யூவைப் பாருங்கள். ஒரே டேப்பைப் பல முறை ஓட்டி எடுத்த கோப்புகளிலிருந்து நல்ல பகுதிகளைப் பொறுக்கி ஒன்றாக்கித் தரும். பிடி170-இல் எடுத்த டேப் சில சமயம் சோனியின் டிவிகேம் (DVCAM) முறையில் இருக்கும். 60 நிமிட மினி டிவி கேசட்டில் அந்த முறையில் 40 நிமிடம்தான் பதிவாகும். சாதாரண வீட்டுக் கேமராக்கள் பலவற்றில் அது ஓடாது.

விஎச்எஸ் கதை வேறு. அது அனலாக், எனவே கேப்சர் தவிர்க்க முடியாதது. எஸ்-வீடியோ வெளியீடு உள்ள பிளேயர் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. டைம்பேஸ் திருத்தி உள்ள பிளேயர் என்றால் இன்னும் நல்லது. விஎச்எஸ்ஸில் ஒவ்வொரு வரியும் தொடங்கும் நேரம் மயிரிழை முன்னே பின்னே இருக்கும். கோவில் தூண், மண்டபக் கதவு போன்ற நேர்க்கோடுகள் நெளிவது அதனால்தான். இந்த நெளிவைக் கேப்சருக்கு முன்பே பிடித்துக்கொள்வது நல்லது, பிறகு மென்பொருளில் சரிசெய்வது கடினம். கேப்சர் அளவு 720×576, நிறப் பதிவு 4:2:2, இன்டர்லேஸ் நிலையிலேயே, ஹஃப்ஒய்யூவி அல்லது எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாச் சுருக்கத்தில். சுருக்காமல் எடுத்தால் மணிக்கு 75 ஜிபி ஆகும், இழப்பில்லாச் சுருக்கம் அதைப் பாதியளவுக்கு இறக்கும். கெனோபஸ் ஏடிவிசி110 போன்ற பெட்டி கையில் இருந்தால் விஎச்எஸ்ஸை டிவி (DV) வடிவமாகவே ஃபயர்வயரில் எடுக்கலாம், அதுவும் மோசமில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ‘ஏவி-டு-எச்டிஎம்ஐ’ பெட்டியில் விட்டு எச்டிஎம்ஐ வழியே பதிவு செய்யாதீர்கள். அந்தச் சின்னப் பெட்டி தானாகவே மட்டமான டிஇன்டர்லேஸ் செய்து, 720பி அல்லது 1080பி-க்குப் பெருக்கி, பல நேரங்களில் 50-ஐ 60 ஆகவும் மாற்றிவிடும். ஃபீல்டுகள் கலங்கிய பின் மீட்பு இல்லை. கடையில் கொடுத்து மாற்றுவதாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி “ஃபுல் எச்டியா?” என்பதல்ல. “இன்டர்லேஸ் அப்படியே வருமா?” என்பதுதான்.

ஃபீல்டு வரிசை

பொட்டலத்தில் உள்ள இரண்டு ஃபீல்டுகளில் எது முந்தைய கணம்? மேல் வரியில் தொடங்குவதா, அதற்கடுத்த கீழ் வரியில் தொடங்குவதா? இதைத் தப்பாகச் சொல்லிவிட்டால் எவ்வளவு உயர்ந்த கருவியும் நடுங்கும் படத்தையே தரும்.

டிவி (DV) வடிவம் எப்போதும் கீழ் ஃபீல்டு முதல். மினி டிவி, டிவிகேம், ஏடிவிசி வழியே வந்த விஎச்எஸ் எல்லாம் இதில் அடங்கும். எச்டிவி உள்ளிட்ட 1080ஐ (1080i, இன்டர்லேஸ் செய்த 1080 வரி வீடியோ) எல்லாம் மேல் ஃபீல்டு முதல். பால் விஎச்எஸ்ஸை அனலாக் கார்டில் பிடித்தால் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதல், ஆனால் கார்டுக்குக் கார்டு மாறலாம். டிவிடி எதிலிருந்து தயாரானதோ அதைப் பொறுத்தது. கோப்பின் தலைப்புக் குறிப்பில் (header) எழுதியிருப்பதை நம்பி இறங்க வேண்டாம். எடிட்டிங்கில் ஒரு முறை தப்பான அமைப்பில் ஏற்றுமதி ஆகியிருந்தாலே தலைப்பு பொய் சொல்லும்.

சோதிப்பது எளிது. கேமரா ஒரே திசையில் நகரும் இடம், அல்லது ஒருவர் குறுக்கே நடந்து போகும் இடம், 10 விநாடி போதும். ஊகித்த வரிசையில் 50பி ஆக்கி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். ஆள் தொடர்ந்து முன்னே போனால் சரி. இரண்டடி முன்னே ஓரடி பின்னே என்று போனால் வரிசை தலைகீழ், மாற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கட்டளைக் கருவியில் உள்ள ஐடெட் ஃபில்டரும் எத்தனை ஃப்ரேம் மேல் முதல், எத்தனை கீழ் முதல், எத்தனை புரோகிரஸிவ் என்று எண்ணிச் சொல்லும். அசைவு நிறைந்த ஒரு துண்டை அதற்குக் கொடுங்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வரவேற்புக் காட்சியைக் கொடுத்தால் அது ‘தெரியவில்லை’ என்று சொல்லும், அது அதன் குற்றமல்ல.

விஎல்சியில் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் அதன் டிஇன்டர்லேஸ் அமைப்பை முதலில் அணைத்துவிட வேண்டும். அது தானியங்கியில் இருந்தால் சீப்புப் பற்களை மறைத்துவிடும், கோப்பு ஏற்கனவே புரோகிரஸிவ் என்று தப்பாக நினைத்துக்கொள்வோம்.

கேமராவே 25பி-யில் எடுத்த டேப்புகளும் உண்டு. பானசோனிக் டிவிஎக்ஸ்100-இன் பால் மாடலில் அந்த வசதி இருந்தது. அதில் ஒரு பொட்டலத்தின் இரண்டு ஃபீல்டும் ஒரே கணம். அதை டிஇன்டர்லேஸ் செய்வது கூர்மையை வீணாக அழிப்பது, 25பி என்று அறிவித்து அப்படியே பயன்படுத்துங்கள்.

எதைக் கொண்டு மாற்றுவது

அவசரத்துக்கு எஃப்எஃப்எம்பெக்கின் பிடபிள்யூடிஐஎஃப். பழைய யாடிஃபின் முறையோடு பிபிசி ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து வந்த வெஸ்டன் முறையையும் சேர்த்துக் கட்டிய ஃபில்டர் இது. யாடிஃபை விட ஓரங்கள் சுத்தம், வேகமும் அதிகம் குறையாது. இயல்பாகவே ஃபீல்டுக்கு ஒரு ஃப்ரேம் தரும், அதாவது 50பி. யாடிஃப் இயல்பில் ஃப்ரேமுக்கு ஒன்றுதான் தரும், எனவே அதைப் பயன்படுத்தினால் மோடை 1 என்று கட்டாயம் கொடுக்க வேண்டும். ‘யாடிஃப் போட்டேன், படம் துள்ளுகிறது’ என்ற புகாரில் பெரும்பாலும் காரணம் இதுதான். ஹேண்ட்பிரேக்கில் செய்தால் ‘பாப்’ (ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு ஃப்ரேமாக்குவது) என்ற தேர்வை எடுத்து, ஃப்ரேம் வேகத்தை மூலத்தோடு ஒத்ததாகவோ 50 என்றோ வையுங்கள். 25 என்று பூட்டிவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

நேரம் இருந்தால், அதுவும் ஒரு குடும்பத்தின் ஒரே கல்யாண வீடியோ என்றால், க்யூடிஜிஎம்சி (QTGMC). ஸ்கிரிப்ட் எழுதி இயக்கும் வீடியோ கருவிகளான அவிசிந்த், வேபர்சிந்த் இரண்டிலும் ஓடும். ஸ்கிரிப்ட் எழுதப் பிடிக்காதவர்கள் ஹைப்ரிட் என்ற இலவச மென்பொருள் வழியே பயன்படுத்தலாம். மற்ற ஃபில்டர்கள் இல்லாத வரியை அக்கம்பக்கத்து வரிகளிலிருந்து ஊகிக்கின்றன. இது முன்பின் ஃபீல்டுகளில் அந்தப் பொருள் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கணக்கிட்டு, அங்கிருந்து உண்மையான வரியைக் கொண்டுவரப் பார்க்கிறது. பட்டுப்புடவை ஜரிகையில் இதன் பலன் பளிச்சென்று தெரியும். ஜரிகைக் கோடு ஒரே ஒரு வரி தடிமன் என்றால் ஒரு ஃபீல்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. சாதாரண பாப் முறையில் அது விநாடிக்கு 25 முறை மினுக்கும், மேலும் கீழும் குதிக்கும். க்யூடிஜிஎம்சியில் ஜரிகை அமைதியாக நிற்கும். மாக்கோலத்தின் மெல்லிய கோடும் அப்படித்தான்.

ஸ்கிரிப்டின் ஓட்டம் இவ்வளவே: கோப்பைத் திற, ஃபீல்டு வரிசையை அறிவி, க்யூடிஜிஎம்சியை ‘ஸ்லோ’ அல்லது ‘ஸ்லோவர்’ நிலையில் ஓட்டு, பிறகுதான் ஓரம் வெட்டு, அளவு மாற்று. ‘பிளாசீபோ’ நிலை வரை போக வேண்டாம், நேரம் பல மடங்கு கூடும், கண்ணுக்கு ஒன்றும் கூடாது. ஷார்ப்னஸ் இயல்பாக 1.0. விஎச்எஸ்ஸின் புள்ளி இரைச்சலை அது தூக்கிக் காட்டும், 0.3 முதல் 0.5 வரை வைத்தால் போதும். முகத்தில் மெழுகு பூசியது போல வந்தால் சோர்ஸ்மேட்ச் அமைப்பை 3 ஆக்கிப் பாருங்கள், மூலத்தின் இயல்பு திரும்பும், கொஞ்சம் இரைச்சலும் கூடவே திரும்பும். இரைச்சல் நீக்கியை ஆரம்பத்திலேயே போடாதீர்கள். முதலில் ஒரு முறை அது இல்லாமல் ஓட்டுங்கள், க்யூடிஜிஎம்சி தன் போக்கிலேயே இரைச்சலைக் கணிசமாக அடக்கிவிடும்.

செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களிலும் இன்டர்லேஸுக்கென்று தனி மாடல்கள் இருக்கின்றன. டோபாஸின் டயோன் அப்படி ஒன்று. சுத்தமான மினி டிவியில் சில காட்சிகள் நன்றாக வரும். ஆனால் கூட்டத்தில் தூரத்தில் தெரியும் சின்ன முகங்களை அது தன் கற்பனையில் வரைந்துவிடுகிறது. கண், மூக்கு எல்லாம் இருக்கும், ஆனால் அது அந்த வீட்டுப் பாட்டியின் முகமாக இருக்காது. கல்யாண வீடியோவில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் முகம்தான் பிற்காலத்தில் தேடப்படும். அதனால் இந்த வேலைக்கு நான் க்யூடிஜிஎம்சியையே சொல்வேன்.

வரிசை மாறினால் கெடும்

டிஇன்டர்லேஸுக்கு முன்னால் படத்தின் உயரத்தைத் தொடக்கூடாது. 576-ஐ 1080 ஆக்கிவிட்டுப் பிறகு டிஇன்டர்லேஸ் செய்ய முயன்றால், இரண்டு கணங்களின் வரிகள் ஏற்கனவே ஒன்றோடொன்று குழைந்திருக்கும். சீப்புப் பல் அலை அலையாக மாறியிருக்கும், எந்த ஃபில்டருக்கும் அது பிடிபடாது. 1080பி டைம்லைனில் மூலக்கோப்பை நேரடியாகப் போட்டு ஏற்றுமதி செய்தவர்களுக்கு நேர்வது இதுதான். மேலிருந்து ஒற்றைப்படை எண்ணிக்கையில் வரி வெட்டினாலும் ஃபீல்டு வரிசை தலைகீழாகும். நிலைப்படுத்தல், சுழற்றல், இரைச்சல் நீக்கம் எல்லாமே டிஇன்டர்லேஸுக்குப் பிறகுதான்.

நிறத்திலும் ஒரு பொறி உண்டு. பால் மினி டிவியிலும் டிவிடியிலும் நிறம் 4:2:0, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் தனித்தனியாக அரைகுறை வரிகளில்தான் நிறத் தகவல் இருக்கிறது. இதை மென்பொருள் புரோகிரஸிவ் என்று எண்ணி ஆர்ஜிபிக்கு மாற்றினால் முந்தைய கணத்தின் நிறம் அடுத்த கணத்தின் வரியில் ஏறும். அரக்குச் சிவப்புக் கூரைப்புடவையின் ஓரத்தில் படிக்கட்டு போலப் பற்கள் தெரிந்தால் காரணம் இதுதான். படத்தின் மற்ற இடங்கள் சுத்தமாக, சிவப்பு மட்டும் பல் காட்டினால் டிஇன்டர்லேஸ் ஃபில்டரைக் குறை சொல்லாதீர்கள். அதற்கு முன்னால் எங்கோ நடந்த நிற மாற்றத்தைத் தேடுங்கள்.

அளவுக்கு வருவோம். 720 அகலத்தில் இரண்டு ஓரத்திலும் மெல்லிய கறுப்பு இருக்கும். ஓரத்துக்கு 8 பிக்சல் வெட்டினால் 704. 4:3 படம் என்றால் அது 768×576 ஆகும், 16:9 என்றால் 1024×576. 720-ஐ அப்படியே 768-க்கு இழுத்தால் எல்லோரும் லேசாக ஒல்லியாகத் தெரிவார்கள். 1080-க்குப் பெருக்க வேண்டுமென்றால் 1440×1080, பக்கங்களில் கறுப்பு. திரை நிறைய வேண்டும் என்று 16:9-க்கு வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போகும், நின்றுகொண்டு ஆசீர்வதிக்கிறவர்களின் தலையும் போகும். பெருக்குவதற்கு என்என்ஈடிஐ3 கொண்டு இருமடங்காக்கி, பிறகு 1080-க்கு இறக்குவது நல்ல வழி. அது இல்லாவிட்டால் ஸ்ப்ளைன்36 போதும்.

விஎச்எஸ்ஸில் அடியில் சில வரிகள் கிழிந்து நடுங்கும். பிளேயரின் ஹெட் மாறும் இடம் அது, பழைய டிவியின் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. வெட்டிவிட்டுப் படத்தை இழுப்பதை விட அந்த வரிகள் மேல் கறுப்புப் பட்டை போட்டு மறைப்பது மேல், முகங்களின் விகிதம் மாறாது.

பழைய அளவு வீடியோவின் நிறக் கணக்கு பிடி.601. 720 வரியும் அதற்கு மேலும் உள்ள கோப்பைப் பிளேயர்கள் பிடி.709 என்று எடுத்துக்கொள்ளும். பெருக்கும்போது கணக்கையும் உண்மையாகவே மாற்ற வேண்டும், பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினால் குங்குமமும் மஞ்சளும் தோலும் நிறம் தவறித் தெரியும். அதோடு வெள்ளை. வீடியோவில் வெள்ளையின் எல்லை 235, ஆனால் மினி டிவி கேமராக்கள் அதைத் தாண்டியும் எழுதும். வீடியோ விளக்கின் வெளிச்சத்தில் வெள்ளை வேட்டியின் மடிப்புகள் அந்த 235-க்கு மேலேதான் ஒளிந்திருக்கும். 235-க்கு மேல் உள்ளதை மென்பொருள் நறுக்குவதற்கு முன் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினால் மடிப்பு திரும்பி வரும்.

எடிட்டிங்குக்குக் கொடுக்கும் கோப்பை புரோரெஸ் 422 அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆரில் எழுதுங்கள். கேமரா கொடுத்த மூல மினி டிவி கோப்பை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்க வேண்டாம். டிஇன்டர்லேஸ் கருவிகள் இன்னும் மேம்படும், மூலம் இருந்தால் மறுபடி செய்யலாம்.

எடிட் செய்த கேசட்டின் தொல்லைகள்

கேமரா டேப்பை விட, வீடியோக்காரர் எடிட் செய்து கொடுத்த கேசட் சிக்கலானது. ஒரே கேசட்டுக்குள் பல வகை வீடியோ கலந்திருக்கும். பூ விழும் கிராஃபிக்ஸும் பெயர் எழுத்தும் தப்பான ஃபீல்டு வரிசையில் தயாராகியிருக்கலாம். கேமரா காட்சி வழுக்கிக்கொண்டு போக, மேலே விழும் பூ மட்டும் நடுங்கும். அந்தப் பகுதியை மட்டும் தனியே வெட்டி வரிசையை மாற்றி ஓட்டினால் பூ சரியாகும், ஆனால் கீழே கேமரா காட்சி ஓடிக்கொண்டிருந்தால் அது நடுங்கத் தொடங்கும். இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது, நான் கேமரா காட்சியின் பக்கம்தான் நிற்பேன்.

நடுவில் சினிமாக் காட்சி ஒட்டியிருந்தால் அது ஃபிலிமிலிருந்து வந்தது. பால் நாடுகளில் 24 ஃப்ரேம் படத்தை 25-இல் ஓட்டி ஒளிபரப்பினார்கள். அதில் ஒரு ஃபிலிம் ஃப்ரேம் இரண்டு ஃபீல்டுகளில் உட்கார்ந்திருக்கும். சில நேரம் ஒரு ஃபீல்டு தள்ளி உட்கார்ந்து, ஒவ்வொரு பொட்டலமும் சீப்புப் பல் காட்டும். இதற்கு டிஇன்டர்லேஸ் தேவையில்லை. ஃபீல்டுமேட்ச் ஃபில்டர் ஜோடியைச் சரியாகச் சேர்த்துவிடும், 576 வரியும் முழுசாகக் கிடைக்கும்.

மிக்சரில் நிறுத்திவைத்த படங்கள் பலவும் ஒரே ஃபீல்டில் உறைந்தவை, பாதிக் கூர்மைதான். ஓரங்கள் படிக்கட்டாக இருந்தால் அது உங்கள் மாற்றத்தின் குறை அல்ல.

புகைப்படக்காரரின் ஃபிளாஷ் தனி ரகம். தாலி கட்டும் நேரத்தில் விநாடிக்கு ஒரு ஃபிளாஷ் விழும். அதன் ஒளி ஒரே ஒரு ஃபீல்டில் அடங்கிவிடுவதால் பொட்டலமாகப் பார்த்தால் ஒரு வரி வெள்ளை, ஒரு வரி இயல்பு. 50பி ஆக்கியதும் அது ஒற்றை வெள்ளை ஃப்ரேமாகப் பிரிந்துவிடும், அதுவே சரியான தோற்றம். க்யூடிஜிஎம்சி முன்பின் ஃப்ரேம்களைக் கலப்பதால் வெளிச்சம் கொஞ்சம் பக்கத்து ஃப்ரேமுக்குக் கசியலாம். அந்தச் சில விநாடிகளுக்கு மட்டும் பிடபிள்யூடிஐஎஃபில் செய்து ஒட்டினால் கசிவு குறையும்.

யாரோ ஏற்கனவே மோசமாக டிஇன்டர்லேஸ் செய்துவிட்ட கோப்புதான் மிச்சம், டேப் இல்லை என்றால் க்யூடிஜிஎம்சியில் இன்புட்டைப் 2 அல்லது 3 கொடுத்துப் பாருங்கள். எஞ்சிய பற்களையும் மினுக்கலையும் மட்டுப்படுத்தும், போன கணங்களைக் கொண்டுவராது.

டைம்லைன்

டாவின்சி ரிசால்வில் புராஜெக்டின் ஃப்ரேம் வேகத்தை 50 என்று, எந்தக் கோப்பையும் உள்ளே இழுப்பதற்கு முன்பே அமையுங்கள், பிறகு மாற்ற விடாது. பிரீமியரில் சீக்வென்ஸின் ஃபீல்டு அமைப்பு ‘புரோகிரஸிவ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். டிவி (DV) முன்னமைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது கீழ் ஃபீல்டு என்றிருக்கும், நீங்கள் பிரித்த கோப்பை மறுபடி பின்னிவிடும்.

இன்றைய கேமராவில் 25பி-யில் எடுத்த காட்சிகளோடு சேர்த்தே ஆக வேண்டும் என்றால், 50பி கோப்பை 25 டைம்லைனில் போட்டு ஒன்றுவிட்டு ஒன்றை விடச் சொல்லுங்கள். ஃப்ரேம் பிளெண்டிங் வேண்டாம், இரட்டை விரல் தெரியும். துள்ளல் உறுத்தினால் க்யூடிஜிஎம்சியின் ஷட்டர்பிளர் அசைவுக்கு மென்மை சேர்க்கும். பாதி வேக ஸ்லோமோஷன் வேண்டிய இடத்தில் 50பி கோப்பையே 25 என்று அறிவித்துவிடலாம். மாலை மாற்றும் காட்சி எந்தச் செயற்கை ஃப்ரேமும் இல்லாமல் நிதானமாக ஓடும்.

யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் 576 வரியாக ஏற்ற வேண்டாம். அங்கே 50 ஃப்ரேம் 720 வரியிலும் அதற்கு மேலும்தான் ஓடும், அதற்குக் கீழே பாதியாக்கிவிடும். 1440×1080-ஆகப் பெருக்கி ஏற்றுங்கள்.

ஒலியைத் தொட வேண்டியதில்லை, ஃப்ரேம் இரட்டிப்பானாலும் நீளம் அதேதான். ஆனால் மினி டிவி கேமரா 12 பிட் அமைப்பில் இருந்திருந்தால் ஒலி 32 கிலோஹெர்ட்ஸ், 48-க்கு மாற்றிவிடுங்கள். ஒரே டேப்பில் நடுவே 12 பிட்டிலிருந்து 16-க்கு மாறியிருந்தால் அந்த இடத்தில் கோப்பைப் பிரித்து எடுங்கள், இல்லாவிட்டால் அதற்குப் பிறகு ஒலி விலகும். விஎச்எஸ் கேப்சரில் ஃப்ரேம் விழுந்திருந்தாலும் விலகும். ஆரம்பத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், கோப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் தவில் அடியையோ தேங்காய் உடைக்கும் சத்தத்தையோ வைத்துச் சரிபாருங்கள்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்த சொந்தக்காரர் எடுத்த டேப் கூட்டத்தில் கலந்திருக்கலாம். அது என்டிஎஸ்சி: 480 வரி, விநாடிக்கு 59.94 ஃபீல்டு, மினி டிவி என்றால் அதுவும் கீழ் ஃபீல்டு முதல். முதலில் அதன் சொந்த வேகத்திலேயே 59.94பி ஆக்கி, 704-ஐ 640×480 ஆக்கி, அதன் பிறகே 50-க்கு மாற்றுங்கள். இன்டர்லேஸ் நிலையிலேயே 50-க்கு மாற்றினால் இரண்டு நாட்டுக் கணங்களும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், அதை அவிழ்க்க வழியில்லை.